அறுப்பின் பண்டிகைக்கு வெறுங்கையோடு போகலாமா?

வாசகர் கடிதம்:

அக்கா, எனக்கு 41 வயது. பெரம்பூரில் இருக்கிறோம். 14 வருடமாக கேட்டரிங் செய்துவந்தேன். எங்கள் சபையில் கல்யாண ரிசப்ஷன், ஞானஸ்நான விருந்து என்று யார் வீட்டு விசேஷமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் புதுவருட ஆராதனையில் எரேமியா 29:11 எனக்கு அந்த வருடத்து வாக்குத்தத்த வசனமாகக் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு கொளத்தூரில் பெரிய சமையல்கூடம் எடுத்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு கேன்டீன் சாப்பாடு சப்ளை பண்ணினேன். கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று சபையில் சாட்சியும் சொன்னேன். ஏழு மாத பில், 4,70,000 ரூபாய், வரவே இல்லை. கேட்டால் கிறிஸ்தவன் சண்டைக்குப் போகிறான் என்பார்களே என்று விட்டுவிட்டேன்.

கூடத்தை மூடி, அண்டா, தேக்சா எல்லாவற்றையும் விற்றாயிற்று. ஏறக்குறைய 12 லட்சம் கடன். ஃபைனான்ஸ் கம்பெனி, நகைக்கடன், ஒரு லோன் ஆப் போக, 2,80,000 ரூபாய் சபையில் நாலு பேரிடம் வாங்கியது. அந்த நாலு பேர் விஷயம் என் மனைவிக்குத் தெரியாது. இப்போது இன்னொருவரிடம் மாதம் 24,000 சம்பளத்துக்குச் சமைக்கிறேன். மனைவி வீட்டில் தைக்கிறாள்.

ஜெபக்குழு அண்ணன் ஒருவர், 'மறைவான பாவம் ஏதோ இருக்கு, அறிக்கை பண்ணு' என்றார். அம்மா, 'எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுப்பா' என்கிறார். வாய் வரமாட்டேன் என்கிறது. எங்கள் சபைக்குப் போய் எட்டு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை 29சி பஸ் ஏறி பெசன்ட் நகர் போய், வேளாங்கண்ணி மாதா கோவிலில் கடைசியில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. எட்டாவது படிக்கும் மகள், 'ஏன்ப்பா நாம இப்ப சண்டே ஸ்கூலுக்குப் போறதில்ல?' என்று கேட்கிறாள். அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகை, காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவார்கள். போன தடவை ஏலத்தில் ஒரு கேக்கை 8,000 ரூபாய்க்கு எடுத்தவன் நான். இப்போது எந்த முகத்தோடு போவேன்? கர்த்தர் என்னை ஏமாற்றிவிட்டாரா? சில ராத்திரி, காலையில் எழுந்திருக்காமலே இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது.

- பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

எழுந்திருக்காமலே இருந்தால் நல்லது என்று அலுப்பில் தோன்றுகிறதா, இல்லை உயிரை விட்டுவிடலாம் என்றே நினைக்கிறீர்களா? நேராகவே கேட்கிறேன். இரண்டாவது என்றால், இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று பெயர், அரசு நடத்துவது, இலவசம், எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். அலுப்புதான் என்றாலும் அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். அயனாவரத்தில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனை உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. அந்த ஆஸ்பத்திரியைக் கீழ்ப்பாக்கம் என்று சொல்லிக் கேலி பேசுகிற ஊர் நம்முடையது. அந்தப் பேச்சைக் காதில் வாங்காமல் ஒருமுறை போய் டாக்டரைப் பாருங்கள். தூக்கம் சரியானாலே பாதிக் கணக்கு வேறு மாதிரித் தெரியும்.

எலியா தீர்க்கதரிசி இப்படித்தான் கேட்டார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கிய பெரிய வெற்றிக்கு அடுத்த அதிகாரத்திலேயே, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். அதற்குக் கர்த்தர் பிரசங்கம் அனுப்பவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரம் தட்டி எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான். 'நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்' என்று சொன்னது அப்போதுதான். பல வருடமாக ஊருக்கே சமைத்துப் போட்ட நீங்கள் இந்த எட்டு மாதத்தில் நேரத்துக்கு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்களா?

சரி, இப்போது வாக்குத்தத்தத்துக்கு வருகிறேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து தட்டிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கும் அந்த நிமிடத்தை நானும் சின்ன வயதிலிருந்து நேசிக்கிறவள். அதனால் அந்த வழக்கத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அட்டையில் ஒரு வசனம்தான் இருக்கும், அதற்கு முன்னும் பின்னும் இருப்பது இருக்காது. உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்ற அந்த வசனம் ஒரு கடிதத்தில் வருகிறது. எருசலேமிலிருந்து எரேமியா, பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். வீடு, நிலம், கோவில் எல்லாவற்றையும் இழந்துவிட்டு அந்நிய தேசத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

முந்தைய அதிகாரத்தையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அனனியா என்ற ஒரு தீர்க்கதரிசி எழுந்து, பாபிலோன் ராஜா எடுத்துக்கொண்டு போன ஆலயத்துப் பாத்திரங்களெல்லாம் இரண்டே வருடத்தில் திரும்பி வந்துவிடும் என்று ஜனங்கள் முன்னால் சொல்கிறான். எல்லோருக்கும் பிடித்த பேச்சு. எரேமியாவுக்கும் அது நடக்க ஆசைதான், 'ஆமென்' என்றுகூடச் சொல்கிறார். ஆனால் அவர் அனுப்பிய கடிதத்தில் இருந்தது 70 வருடம். அதுவரை என்ன செய்வது? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். உங்கள் அட்டையிலுள்ள வசனம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பாத்திரங்கள் பிற்பாடு திரும்பி வரத்தான் செய்தன. எஸ்றா முதல் அதிகாரத்தில் 5,400 என்று எண்ணிக்கையே கொடுத்திருக்கிறது. ஆனால் கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த பெரியவர்களில் அதைக் கண்ணால் பார்க்க எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்?

கர்த்தர் உங்களை ஏமாற்றவில்லை, தம்பி. எரேமியாவின் வசனத்தை நீங்கள் அனனியாவின் குரலில் கேட்டுவிட்டீர்கள். இதில் உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனதில்லை. நம் சபைகளில் பலரும் அந்தக் குரலில்தான் வாசித்துக் காட்டுகிறோம்.

இதே மாதிரி நாம் கெடுத்து வைத்திருக்கும் இன்னொரு வார்த்தை கிருபை. எப்படியிருக்கீங்க என்று கேட்டால், 'கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம்' என்போம். பையனுக்கு விசா கிடைத்தால் கிருபை. வீட்டுக்கு கான்கிரீட் போட்டால் கிருபை. விசா கிடைக்காத வீட்டில் அந்த வார்த்தையை யாரும் எடுப்பதில்லை. நம் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் 'என் கிருபை உனக்குப் போதும்' என்ற வசனம் பவுலுக்கு எப்போது வந்தது என்று யோசித்துப் பாருங்கள். மாம்சத்தில் ஒரு முள். அதை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டிக்கொள்கிறார். முள் எடுக்கப்படவில்லை. முடியாது என்ற பதிலோடு சேர்ந்துதான் இந்த வார்த்தை வந்தது. 'பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்' என்பது அதன் அடுத்த வரி.

இதைச் சொல்லி உங்கள் வாயை அடைப்பது என் எண்ணமில்லை. அப்படி ஒருமுறை செய்தவள் நான். ஆலோசனை வேலைக்கு வந்த புதிதில், மகன் பரீட்சையில் தோற்று வீட்டைவிட்டுப் போய்விட்டான் என்று ஒரு அம்மா என்னிடம் வந்தார். சொல்லி முடிக்கும் முன்பே, 'கர்த்தர் இதிலயும் ஒரு நன்மை வச்சிருப்பாரும்மா' என்று சொல்லி, கையைப் பிடித்து ஜெபமும் செய்துவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார், மறுபடி வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அயனாவரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மகன் திரும்பி வந்துவிட்டானாம். நான் மன்னிப்புக் கேட்டபோது, 'பரவாயில்லக்கா, அன்னைக்கு நீங்க நான் அழறத நிறுத்திட்டீங்க, அவ்வளவுதான்' என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னோடு இருக்கிறது. நான் சொன்ன வசனத்தில் தப்பில்லை. அவர் அழுது முடிக்கும்வரை காத்திருக்க எனக்குத்தான் பொறுமை இல்லை.

அதனால், ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை என்றால் இப்போதைக்குச் சொல்லவேண்டாம். சங்கீதம் 13-ஐ எடுத்து வாசியுங்கள். எதுவரைக்கும் கர்த்தாவே, எதுவரைக்கும் என்று தொடங்கும். அதுவும் முடியாத நாளில் 88. சங்கீதங்களிலேயே கடைசி வரிவரை இருட்டாக முடிகிற சங்கீதம் அது. அதையும் ஆராதனையில் பாடுவதற்கென்றுதான் வைத்திருக்கிறார்கள். அம்மாவோடு இதற்காக வாதாட வேண்டாம். பிள்ளை நொறுங்கிப்போயிருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் தனக்குத் தெரிந்த மருந்தைக் கொடுக்கிறார்.

அந்த ஜெபக்குழு அண்ணன் சொன்னதை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு இரண்டையும் மறுத்தார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல சிநேகிதர்களாகத்தான் இருந்தார்கள். வாய் திறந்து, உன் பாவம்தான் காரணம் என்றபோதுதான் கெட்டது.

ஆனால் உங்கள் பக்கம் தப்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் உங்களுக்கு நடந்தது, மறுபக்கம் நீங்கள் செய்தது. கம்பெனி பணம் தராதது உங்களுக்கு நடந்தது. அட்வான்ஸ் வாங்காமல் தொடங்கியது, இரண்டு மாத பில் நின்றபிறகும் ஏழாவது மாதம்வரை சாப்பாடு அனுப்பியது, சபையாரிடம் கடன் வாங்கி மனைவிக்கு மறைத்தது, இவை நீங்கள் செய்தவை. இரண்டாவது மாதமே ஏன் நிறுத்தவில்லை என்று நானும் யோசித்தேன். நிறுத்தினால், சபையில் எழுந்து நின்று சொன்ன சாட்சி பொய்யாகிவிடுமே என்ற பயம்தான் உங்களை இழுத்துக்கொண்டே போயிருக்கும் என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னியுங்கள். சரியாக இருந்தால், அந்தச் சாட்சியை நீங்கள் காப்பாற்ற வேண்டியதில்லை என்று இன்றைக்கே இறக்கி வையுங்கள். நடந்ததைச் சொல்வதற்குப் பெயர்தான் சாட்சி. நடந்ததில் இப்போது தோல்வியும் இருக்கிறது.

இரண்டு பக்கத்தையும் கலந்து 'எல்லாம் என் பாவம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கினால் யாராலும் தூக்க முடியாது. எல்லாம் அந்தக் கம்பெனியால் வந்தது என்றாலும் மனம் ஆறாது. பிரித்து வைத்தால், மன்னிப்புக் கேட்கவேண்டியது எது, துக்கப்படவேண்டியது எது என்று தெரியும்.

இயேசுவின் சீஷரான பேதுருவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. நீங்கள் சமையல்காரர், அதனால் இந்த இடம் மற்றவர்களைவிட உங்களுக்கு நன்றாகப் புரியும். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் குளிருக்குப் போட்டிருந்த கரிநெருப்பின் பக்கத்தில் நின்றுதான், அவரை எனக்குத் தெரியாது என்று பேதுரு சொன்னார். மூன்று தரம். அப்புறம் உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில் விடியற்காலையில் காத்திருக்கிறார். கரையில் என்ன போட்டு வைத்திருக்கிறார்? அதே கரிநெருப்பு. யோவான் 18-லும் 21-லும் ஒரே வார்த்தைதான். தம் போட மூடியின் மேல் கங்கு அள்ளிப் போட்ட கைக்கு அந்த வாசனை தெரியும். பழைய நாளை அப்படியே கண்முன்னால் கொண்டுவருகிற வாசனை அது. தான் விழுந்த இடத்தின் வாசனைக்குள்ளேயே பேதுரு மறுபடி வந்து நிற்கிறார்.

அங்கே நடந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில், 'வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்.' அப்பமும் மீனும் அவரே எடுத்துக் கொடுக்கிறார். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகுதான் கேள்வி. என்மேல் அன்பாயிருக்கிறாயா என்று மூன்று தரம். மூன்றாம் தரம் கேட்டபோது பேதுருவுக்குத் துக்கம் வந்தது என்று எழுதியிருக்கிறது. மறுதலித்ததை நடக்காதது மாதிரி இயேசு விட்டுவிடவில்லை, மூன்றையும் தொட்டார். ஆனால் பசியாற்றிவிட்டுத் தொட்டார். தொட்ட கையோடு வேலையையும் கொடுத்தார். கிருபை என்று நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். நடந்ததைக் கேட்காமல் விட்டுவிடுகிற தயவு அதில்லை. நீ என்னவன்தான் என்று முதலில் உட்காரவைத்துவிட்டு, அப்புறம் கணக்கைத் திறக்கிற தயவு. ஒதுக்கிவிட மாட்டார்கள் என்று தெரிந்தால்தான் நம்மால் உண்மையைச் சொல்ல முடிகிறது. உங்களை ஏற்றுக்கொள்வதை எந்த ஏலத்தொகையை வைத்தும் கர்த்தர் முடிவு செய்யவில்லை. அப்படியிருக்க, இனி யாருக்கு மறைக்கப் போகிறீர்கள்?

முதலில் மனைவி. சண்டை நடக்கும்போது வேண்டாம், மகள் தூங்கியபிறகு, டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்து சொல்லுங்கள். நாலு பேர், 2,80,000 ரூபாய், யார் யாருக்கு எவ்வளவு என்று தாளில் எழுதிக் காட்டுங்கள். பாதியைச் சொல்லி மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பாதி உண்மைக்கு அழுதவரை மறுபடி ஒரு தடவை அழவைப்பது கொடுமை. அவர் கோபப்படலாம், நாலு நாள் பேசாமல் இருக்கலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. தன் நகையை அடகு வைக்கக் கொடுத்தவர் அவர். எலிசா தீர்க்கதரிசியிடம் வந்த விதவையை நினைத்துக்கொள்ளுங்கள். கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்கிக்கொள்ள வந்துவிட்டான் என்று வாய்விட்டுச் சொன்னபிறகுதான் அவளுக்கு வழி பிறந்தது. வீட்டிலிருந்த கொஞ்ச எண்ணெய் அற்புதமாகப் பெருகிய பிறகும் எலிசா சொன்னது, போய் அதை விற்றுக் கடனைத் தீர் என்பதுதான். அற்புதம் நடந்த வீட்டிலும் கடன் கடன்தான்.

அப்புறம் ஆயர். அவரிடம் கணக்குத் தாளோடு போங்கள், பண உதவி கேட்டுப் போகவேண்டாம். அந்த நாலு பேரைப் பார்க்கப் போகும்போது கூட வர, சபையில் வாய் காக்கத் தெரிந்த ஒரு பெரியவரைக் கேளுங்கள். நாலு பேரிடமும் சொல்லவேண்டியது ஒன்றுதான்: 'அண்ணே, உங்க பணத்த நான் மறக்கல. எட்டு மாசமா மூஞ்சியக் காட்டாம இருந்தது என் தப்பு. மொத்தமா இப்ப முடியாது. மாசம் அஞ்சாம் தேதி ஆயிரம் ரூபா தருவேன். கம்பெனி பணம் வந்தா நாலு பேருக்கும் பங்கு போட்டுத் தர்றேன்.' அங்கேயே நிறுத்திவிடுங்கள். முக்கியமாக, கடன் கொடுத்தவரிடம் 'கர்த்தர் வழி திறப்பார்' என்று சொல்லாதீர்கள். உங்கள் அறையில் முழங்காலில் நின்று அதைச் சொல்லுங்கள். அவருக்குத் தேவை தேதியும் தொகையும். ஒருவர் கத்துவார். கத்தட்டும், நின்று கேளுங்கள். பதில் சொல்லிச் சமாளிக்காமல் நிற்பதற்குத்தான் கிருபை அதிகமாகத் தேவைப்படும்.

நாலு பேருக்கு மாதம் 4,000 என்றால் 2,80,000 தீர 70 மாதம் ஆகும். நீளமான கணக்குதான். ஆனால் ஐந்தாம் தேதி தவறாமல் வருகிற ஆயிரம் ரூபாய், மூன்று மாதத்தில் முழுவதும் தருகிறேன் என்ற பேச்சைவிட மதிப்புள்ளது. ஃபைனான்ஸ் கம்பெனியில் தவணையை நீட்டித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. லோன் ஆப்காரர்கள் போட்டோவை அனுப்பி மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் புகார் செய்யுங்கள். அதைக் கட்ட இன்னொரு ஆப்பில் வாங்காதீர்கள், வட்டிக்காரரிடமும் போகாதீர்கள்.

அம்பத்தூர் பில்லை நீங்கள் விட்டுவிட்ட காரணம்தான் எனக்கு மிகவும் வருத்தம். மன்னிப்பது வேறு, கூலியைக் கேட்பது வேறு. பிலிப்பி பட்டணத்தில் பவுலை அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் ரகசியமாகப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. நாங்கள் ரோமக் குடிமக்கள், விசாரிக்காமல் அடித்தீர்கள், நீங்களே வந்து எங்களை வெளியே அனுப்புங்கள் என்றார். பின்னால் இராயனுக்கே, அதாவது ரோமப் பேரரசரிடமே, அபயமிட்டார். அவருக்கு அன்பு குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. அந்த 4,70,000 ரூபாயில் உங்கள் சமையல்கூடத்தில் வேலை செய்தவர்களின் உழைப்பும், சபையார் நாலு பேரின் பணமும் இருக்கிறது. உங்களுடையது மட்டும் என்றால் விட்டுக்கொடுக்கலாம். மற்றவர்களுடையதை எப்படி விட்டுக்கொடுப்பீர்கள்?

2006-ஆம் வருடத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, உங்களைப் போன்ற சிறு தொழிலுக்குத் தரவேண்டிய பணத்தை 45 நாளைத் தாண்டிப் பிடித்து வைக்கக்கூடாது. தாண்டினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சப்ளை தொடங்கும் முன்பே உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு செய்திருந்தீர்களா என்று பாருங்கள். இருந்தால் இதற்கென்று அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் நீங்களே மனுப் போடலாம். இல்லையென்றாலும் வக்கீல் நோட்டீஸ், சிவில் வழக்கு என்று வழி உண்டு, ஆனால் பணம் வரவேண்டிய தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட்டாக வேண்டும். இலவச சட்ட உதவி கிடைக்குமா என்று 15100-ல் கேளுங்கள். பில், டெலிவரி சலான், வாட்ஸ்அப்பில் ஆர்டர் போட்ட மெசேஜ், எதையும் அழிக்காதீர்கள்.

29சி பஸ்ஸைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். யாருக்கும் தெரியாத இடத்தில் கடைசியில் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொள்ள அந்தக் கோவில் இருந்ததற்காக எனக்கு நன்றிதான். எட்டு மாதமும் நீங்கள் கர்த்தரைத் தேடித்தான் போயிருக்கிறீர்கள். ஆனால் இயேசுவின் சீஷரான தோமாவை நினைத்துப் பாருங்கள். பரங்கிமலையில் இரத்தசாட்சியாக இறந்தார் என்று நம் ஊர் மரபு சொல்கிற அதே தோமா. உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களிடம் வந்த முதல் ஞாயிறு சாயங்காலம் அவர் மற்றவர்களோடு இல்லை. அவர்கள் சொன்னதையும் நம்பவில்லை. ஆனால் எட்டு நாளைக்குப் பின்பு, நம்பிக்கை வராத நிலையிலேயே, அந்தப் பூட்டிய வீட்டுக்குள் அவர்களோடு இருந்தார். முதலில் நம்பு, அப்புறம் வா என்று மற்றவர்கள் அவரை வெளியே நிறுத்தவில்லை. உங்கள் சபையார் எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருவராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்பார் என்று நம்புகிறேன்.

அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் மனைவியிடமும் ஆயரிடமும் பேசி, அந்த நாலு பேரையும் பார்த்துவிட்டால், பண்டிகையன்று உங்களுக்குத் தெரியாமல் யாரும் கிசுகிசுக்க மீதி எதுவும் இருக்காது. ஏலம் தொடங்கும்போது கை மேலே போகாது, அது உறுத்தத்தான் செய்யும். அந்த நேரத்தில் பின்னால் சமையல் நடக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். வெங்காயம் உரிக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். அவ்வளவு பேருக்கு அரிசி எத்தனை படி, தண்ணீர் எவ்வளவு என்று அங்கே யாருக்கும் உங்களைப்போலத் தெரியாது.

அதற்கும் முன்னால் மகளுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. எட்டாவது படிக்கிற பிள்ளைக்குப் புரியும். 'அப்பா சபையில நாலு பேருகிட்ட கடன் வாங்கிட்டேன், திருப்பித் தர முடியல, வெட்கமா இருந்துச்சு, அதான் போகல. இந்த ஞாயிற்றுக்கிழமை போகலாம்' என்று சொல்லுங்கள். அவள் கேட்கிற அடுத்த கேள்விக்கும் இதேமாதிரி பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா